சுரேனுக்கு ஏழு பேர்ச்

அத்தியாயம் பதினொன்று

சனிக்கிழமை இரவு பெய்த மழை, மேல் பிரிவு ஜனங்களின் புது ஊரில் பாதியைக் கரைத்துக்கொண்டு போயிருந்தது.

புது ஊர் என்றால் இன்னும் ஒரு வீடுகூட எழும்பாத ஊர். மாரியம்மன் கோயில் மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டு, வீட்டுக்கு ஒன்றாக வெள்ளையடித்த ஆற்றுக்கல் வைத்து, மேலே புதுக் காணியில் வரப்போவதை இலுக்கந்தைத் தோட்டத்து ஆட்கள் தாங்களே வரைந்த மாதிரி ஊர். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தின் இருட்டடைந்த காம்பராக்களை விட்டுவிட்டு, குடும்பத்துக்கு ஏழு பேர்ச் அளவுள்ள காணியில் தனித்தனி வீடு கட்டிக்கொள்ளப் போகிறார்கள். யார் வீடு எங்கே, பாதை எந்தப் பக்கம், பிள்ளைகள் விளையாட எந்த இடம் என்பதையெல்லாம் நீங்களே பேசி முடிவெடுங்கள் என்று பதுளையிலிருந்து வந்த அதிகாரி அம்பலவாணர் சொன்னபோது முதலில் யாரும் நம்பவில்லை. தோட்டத்தில் மாட்டுக் கொட்டகைக்கு இடம் பார்ப்பதுகூட துரைதான். நம்பிய பிறகோ விட்டபாடில்லை. ஞாயிறு தவறாமல் மைதானத்தில் ஒரே வாக்குவாதம். பங்களாப் பக்கமாக வரவிருந்த பாதையைப் பெண்களெல்லாம் சேர்ந்து நின்று, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா பக்கமாகத் திருப்பிய கதையைப் போன வாரம் பார்த்தோம்.

பாதை திரும்பிவிட்டது. பரிமளத்தின் மனம்தான் திரும்பாமல் ஒரே இடத்தில் நின்றது.

அன்று ஞாயிறு, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு இல்லை. கொழுந்துக் கூடை சுமக்க வேண்டாத நாள். ஆனாலும் விடிந்ததும் எழுந்து, தலையில் கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு மைதானத்துக்கு வந்துவிட்டாள். கோடெல்லாம் வெள்ளைச் சேறாக வழிந்திருந்தது. சில கற்கள் உருண்டுபோய்த் தண்ணீர் ஓடும் கானில் கிடந்தன. அவள் குனிந்து குனிந்து தேடினாள். கோயில் படிக்கருகில் அந்தக் கல் அகப்பட்டதும் முந்தானையால் துடைத்து, மேட்டு வரிசையின் கடைசியில், பழைய இடத்திலேயே வைத்தாள்.

"அம்மா, நம்ம வீட்டுக் கல்லு அந்தா கானுக்குள்ள கெடக்கு. அத விட்டுட்டு அண்ணன் கல்லத் தேடிட்டிருக்கியா?"

பின்னால் மகள் கம்சலா நின்றாள். பிள்ளைக் காம்பராவில் டீச்சர். இந்தத் திட்டத்துக்கு ஊர் போட்ட கமிட்டியில் செயலாளரும் அவள்தான். கையில் சுண்ணாம்பு வாளி.

"நம்ம வீடு எங்க இருந்தா என்னா? நாம இங்கதானே இருக்கோம். அவனுக்குத்தான் எடம் தெரியணும்" என்றாள் பரிமளம்.

கம்சலா வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கோடு போடத் தொடங்கினாள்.

சுரேன் காணாமல் போய் நான்கு வருடம். கொழும்பில், புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்தான். ராணுவம் நடத்திய ஒரு சுற்றிவளைப்பில் கடைப் பையன்கள் எல்லாரையும் லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். சுரேன் வரவில்லை. ஒரு முகாமில் பார்த்ததாக ஒருவன் சொன்னான். பரிமளமும் புருஷன் ஜெயராசாவும் அங்கே போனபோது, வேறு இடத்துக்கு மாற்றிவிட்டோம் என்றார்கள். வேறு இடத்தில், அப்படி யாரும் இங்கில்லை என்றார்கள். அப்புறம் கேட்பதற்கு இடமே இல்லாமல் போனது.

இப்போது சண்டை நின்றிருக்கிறது. வடக்குப் பாதை திறந்துவிட்டார்கள். எங்கெங்கோ அடைபட்டிருந்த பையன்கள் சிலர் வீடு திரும்புகிறார்கள் என்று ரேடியோவில் சொல்லக் கேட்ட நாளிலிருந்து பரிமளத்துக்கு ராத்திரித் தூக்கம் குறைந்து, காது மட்டும் கூர்மையாகிவிட்டது. பண்டாரவளை பஸ் வளைவில் ஹோர்ன் அடிக்கும்போதெல்லாம் கொழுந்து பறிக்கும் கை நின்றுவிடும்.

கலியாண வயது வந்த பையன்களுக்குத் தனிக் காணி கொடுக்க வேண்டும் என்று ஊர் கூடித் தீர்மானித்த ஞாயிறு, பரிமளம் இரண்டு கல் கொண்டுவந்தாள். ஒன்றைத் தங்கள் இடத்தில் வைத்தாள். மற்றதை மேட்டு வரிசையில் கடைசித் துண்டில் வைத்து, "இது சுரேனுக்கு" என்றாள். காணியில் அந்தத் துண்டிலிருந்து பார்த்தால் பஸ் நிற்கும் வளைவு தெரியும். ஒருவரும் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை.

*

அம்பலவாணரின் வான் வண்டி வந்தபோது வெயில் லேசாக எட்டிப் பார்த்தது. யாழ்ப்பாணத்து மனிதர், பதுளையில் வேலைக்கு வந்து வருடக்கணக்காகிவிட்டது. ஆட்களுக்கு ஓய்வு ஞாயிறுதான் என்பதால் தானும் ஞாயிறில் வேலை வைத்துக்கொள்வார். வழக்கமாக வந்ததும் கற்களைச் சுற்றி ஒரு நடை நடந்து, "உங்கடை ஊர் வளருது" என்று சிரிப்பார். இன்று சிரிக்கவில்லை.

"எல்லாரும் கிட்ட வாங்கோ. ஒரு விசயம் சொல்லவேணும்."

கமிட்டித் தலைவர் நல்லையா எல்லாரையும் அதட்டி அமைதிப்படுத்தினார்.

"மலைச்சரிவு பாக்கிற ஆக்கள் போன கிழமை வந்து பாத்தவை. பெரிய பாறைக்குக் கீழ இருக்கிற துண்டிலை வீடு கட்டக்கூடாது எண்டு சொல்லிப்போட்டினம். உள்ளுக்கை தண்ணி ஓடுது. மண் இளகி இருக்காம்."

எல்லாரும் மைதானத்தைப் பார்த்தார்கள். பெரிய பாறை என்று கம்சலா கவிழ்த்து வைத்திருந்த தாச்சிச் சட்டிக்குக் கீழே ஒரே ஒரு கல் இருந்தது. வீரசிங்கத்தின் கல்.

வீரசிங்கத்துக்குக் கலியாணமாகி மூன்று வருடம். அண்ணன் குடும்பத்தோடு ஒரே காம்பராவில், நடுவில் சேலையைத் திரையாகக் கட்டிக்கொண்டு காலம் தள்ளுகிறான். அவன் மனைவி நிசாந்தினி இடுப்பில் பிள்ளையோடு முன் வரிசையில் நின்றாள்.

"வேற எடம் தர மாட்டாங்களாங்க ஐயா?" என்று கேட்டார் நல்லையா.

"கேட்டுப் பாத்தனான். தோட்டம் விட்ட காணி இவ்வளவுதான்."

"அப்ப எல்லாரும் ரெண்டு ரெண்டு அடி விட்டுக் குடுத்தா?"

"ஏழு பேர்ச்சுக்குக் குறைஞ்சா காணி உறுதி எழுதமாட்டினம், நல்லையா. நாளைக்கு இந்தப் படத்தை நான் பதுளையிலை குடுக்கவேணும். பிந்தினா வேற தோட்டத்துக்குத் திருப்பிவிட்டிடுவினம். வீரசிங்கத்துக்கு அடுத்த திட்டத்திலை பாக்கலாம். அது எப்ப எண்டு என்னாலை சொல்லேலாது."

மேட்டு வரிசையில் கடைசித் துண்டை யாரும் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க எல்லாரும் எவ்வளவு பாடுபடுகிறார்கள் என்பது பரிமளத்துக்குத் தெரிந்தது. ஒருத்தி குழந்தையின் மூக்கைத் துடைத்தாள். ஒருத்தர் வெற்றிலைப் பையைக் குடைந்தார்.

நிசாந்தினி மெதுவாகப் போய், பாறைக்குக் கீழே இருந்த தன் கல்லைக் குனிந்து எடுத்தாள். எங்கே வைப்பதென்று தெரியாமல் சற்று நேரம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே, கோயில் மதிலோரமாக வைத்துவிட்டு வந்து முன்பு நின்ற இடத்திலேயே நின்றுகொண்டாள்.

"சாப்பிட்டுட்டு வாங்க. மத்தியானம் பேசிக்குவோம்" என்றார் நல்லையா.

*

வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

ஜெயராசா அடுப்பங்கரை வாசலில் உட்கார்ந்து மழைக் கோட்டைப் பிரித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தார். தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை. மெஷின் சத்தத்தில் இருந்து இருந்து பேச்சே குறைந்துவிட்ட மனிதர். மகன் போன பிறகு அதுவும் இல்லை.

கம்சலா ரொட்டித் தட்டைத் தள்ளி வைத்தாள். "அம்மா, நான் ஒண்ணு சொன்னா கோவிக்க மாட்டியே?"

"சொல்லாத."

"நான் சொல்லாட்டியும்—"

"நீ என்னா சொல்லப் போறேன்னு எனக்குத் தெரியும். மைதானத்துல எல்லாரும் வாய மூடிட்டு நின்னாங்களே, அதுவும் அதுதான். ஊராங்க சொல்லட்டும். என் வயித்துல பொறந்த நீ சொல்லாத."

"நிசாந்தினி அக்கா கல்லத் தூக்கிட்டு நின்னாங்களே. பாத்தியா இல்லியா?"

"பாத்தேன்."

"வருசம் மூணா சேலைத் திரைக்குப் பின்னால குடும்பம் நடத்துறாங்க. அண்ணன் வந்தா நம்மகூட இருக்கலாம். நம்ம வீட்டுல ஒரு ரூம் கூடக் கட்டுவோம். அவன் வர்ற வரைக்கும்—"

"வந்தாவா?" பரிமளம் எழுந்துவிட்டாள். "வந்தான்னா சொல்ற? வரும்போதுன்னு சொல்லத் தெரியாதாடி ஒனக்கு? கூடப் பொறந்தவ நீயே அவனக் கோட்டுக்கு வெளிய தள்ளுறியே!"

கம்சலாவின் கண் நிறைந்துவிட்டது. "எனக்கும் அண்ணன்தாம்மா அவன். எனக்குந்தான் ராத்திரியில தூக்கம் வர்றதில்ல. நீ கேட்டியா ஒரு நாளாவது?"

இதைப் பரிமளம் எதிர்பார்க்கவில்லை.

அப்போதுதான் ஜெயராசா பேசினார். தலை நிமிராமல், மழைக் கோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அந்தக் கல்ல எடுத்துரு புள்ள."

"நீங்களுமா?"

"வீரசிங்கத்துக்காகச் சொல்லல. நான் எனக்காகச் சொல்றேன். வெள்ளையடிச்சு, தண்ணி ஊத்திக் கழுவி, நீ அதத் தூக்கித் தூக்கி வைக்கிறப்பல்லாம்..." அவர் மழைக் கோட்டை மறுபடி மடித்தார். "கருமாதிக்கு வைக்கிற கல்லு மாதிரி இருக்கு எனக்கு. எத்தன ஞாயித்துக் கெழம நான் அந்தப் பக்கம் வராம ஸ்டோர்ல வேலை இருக்குன்னு போனேன்? ஒரு வேலையும் இல்ல. அதப் பாக்க முடியாமத்தான் போனேன்."

தகரக் கூரையில் மழை மறுபடி இரண்டொரு துளி விழுந்தது.

பரிமளம் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். எட்டுக் காம்பரா லயத்தில் இது கோடிக் காம்பரா. சுரேன் பிறந்தது இங்கேதான். முதல் சம்பளத்தில் ஒரு டோர்ச் வாங்கிக்கொண்டு, பஸ் நிற்பதற்கு முன்பே வளைவில் குதித்து, தேயிலைக்குள்ளாகக் குறுக்கே ஏறி ஓடி வந்து கதவைத் தட்டியதும் இங்கேதான். அவனுக்குத் தெரிந்த வீடு உலகத்தில் இது ஒன்றுதான்.

"எனக்கு ஏழு பேர்ச்சு வேணாம்" என்றாள் மெல்ல. "வீடு கட்டினதும் இந்த லயத்த இடிச்சிருவாங்களாமே. அவன் வந்து பாத்தா இங்க மண்ணுதானே இருக்கும்? எல்லாரும் செத்துட்டோம்னு நெனச்சிட்டுத் திரும்பிப் போயிட்டான்னா? அதனாலதான் வளைவு தெரியிற மாதிரி ஒரு எடம் கேட்டேன். வேற எதுக்குக் கேட்டேன்?"

கம்சலா எழுந்து வந்தாள். அம்மாவைத் தொடுவதா வேண்டாமா என்று தயங்கி, கடைசியில் அம்மா பிடித்திருந்த அதே வாசல் நிலையில் தானும் சாய்ந்து நின்றாள்.

*

மைதானத்துக்குத் திரும்பும் வழியில் பரிமளம் பிரிந்து, புதுக் காணிப் பக்கம் ஏறினாள். தேயிலையை வேரோடு பிடுங்கிச் சுத்தப்படுத்திய சரிவு சிவப்பு மண்ணாகக் கிடந்தது. மேட்டின் கடைசியில், சுரேனின் துண்டு என்று அவள் நினைத்து வைத்திருந்த இடத்தில், அம்பலவாணர் குடையோடு நின்றுகொண்டிருந்தார்.

"என்ன அம்மா, நீங்களும் இடம் பாக்க வந்தனீங்களோ?"

"பாத்த எடந்தாங்க ஐயா. இன்னொருக்காப் பாக்க வந்தேன்."

கீழே, தேயிலைக்கு நடுவில், பாதை ஒரு கொக்கிபோல வளைந்து கிடந்தது. பூனாகலைப் பக்கமிருந்து வந்த ஒரு பஸ் வளைவில் நின்றது. ஒரு கிழவரும், மரக்கறி மூட்டையோடு ஒரு பெண்ணும் இறங்கினார்கள். பஸ் போனது. பரிமளத்தின் மூச்சும் கூடவே இறங்கியது. அம்பலவாணர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஒங்க வீடு யாழ்ப்பாணத்துலங்களா?" பரிமளம் ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டாள்.

"ஓம். கடலுக்குக் கிட்ட. பன்ரெண்டு வருசமாப் போகேல்ல. பாதை திறந்தாப்பிறகு போன ஆவணியிலை போனனான்."

"வீடு இருந்துச்சுங்களா?"

"தெரியாது. கிட்ட விடேல்லை. முள்ளுக்கம்பிக்கு இங்காலை நிண்டு பாத்தன். எங்கடை வீட்டு முருங்கை மட்டும் தெரிஞ்சுது. அது எங்கடைதானோ எண்டும் நிச்சயமில்லை." அவர் குடையை மடக்கினார், மழை நிற்கவில்லை, ஆனாலும் மடக்கினார். "அம்மா அங்கைதான் செத்தவ. செய்தி வர மூண்டு மாசம் எடுத்தது. நான் இங்கை பதுளையிலை இருந்து, ஊர் ஊராப் போய் ஆக்களுக்கு வீடு எங்க கட்டலாம் எண்டு படம் கீறிக்கொண்டு இருந்தன்."

பரிமளம் இத்தனை ஞாயிறாக இந்த மனிதரைப் பார்க்கிறாள். இப்படி ஒரு வீடு அவருக்கும் இருக்கும் என்று நினைத்துப் பார்த்ததில்லை.

"ஐயா," என்றாள், "அந்தத் துண்டத் தர மாட்டேன்னு நான் சொன்னா என்னா செய்வீங்க?"

"உங்கடை கல்லை நான் எடுக்கமாட்டன். ஊர் தீர்மானிச்சது. அப்பிடியே கீறிக் குடுப்பன்."

"வீரசிங்கம்?"

அவர் சரிவில் பெரிய பாறையைப் பார்த்தார். அதன் அடியிலிருந்து நூல்போலத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது.

*

மைதானத்தில் எல்லாரும் கூடியிருந்தார்கள். நல்லையா தொண்டையைக் கனைத்தார். பேச்சைத் தொடங்கும் முன்பே பரிமளம் கோட்டுக்குள் இறங்கி நடந்தாள். மேட்டு வரிசையின் கடைசிக்குப் போய்க் குனிந்து கல்லை எடுத்தாள். காலையில் தூக்கியபோது இல்லாத கனம் இப்போது இருந்தது.

"நிசாந்தினி, ஓங் கல்லக் கொண்டா."

நிசாந்தினி அசையவில்லை. "வேணாங்க பெரியம்மா. சுரேன் தம்பி எடம் அது."

"கொண்டாம்மா. மதிலோரத்துல வச்சிருக்கியே, எனக்கு அதப் பாக்க ஏலல்ல."

வீரசிங்கம்தான் போய் எடுத்து வந்தான். பரிமளம் எடுத்த கல் இருந்த இடத்திலேயே வைத்தான். நிசாந்தினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆனா நான் ஒண்ணு கேப்பேன்" என்றாள் பரிமளம். அவள் ஊருக்கு முன்னால் பேசியதே இல்லை. குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "எங்க காம்பராவ இடிக்காதீங்க. நாங்க அதுல இருக்க மாட்டோம். புது வீட்டுக்கு வந்துருவோம். அது மட்டும் நிக்கட்டும். அம்புட்டுதான்."

சலசலப்பு எழுந்தது.

"லயத்த இடிச்சாத்தானே வெளையாட்டு மைதானம் வரும்?" என்றான் ஒரு வாலிபன்.

"ஒத்தக் காம்பராவ விட்டா பாம்பு குடியேறும்" என்றாள் ஒருத்தி.

நல்லையா கையை உயர்த்தினார். "நான் பொறந்த காம்பராவும் அந்த லயத்துலதான் இருக்கு. அத இடிக்கிற அன்னிக்கு நான்தான் மொத அடி அடிப்பேன். அந்தப் பொகையும் ஒழுக்கும் ஒழிஞ்சாப் போதும். பரிமளம், ஒன் மனசு புரியுது. ஆனா ஊருக்கு அது எதுக்கு ஒதவும்னு சொல்லணுமில்ல?"

பரிமளம் தலை குனிந்தாள். கம்சலா வாயைத் திறந்தாள். செயலாளராகப் பேசுவதா மகளாகப் பேசுவதா என்று தடுமாறி மூடிக்கொண்டாள்.

பேசியது நிசாந்தினி.

"மொத ஞாயிறே பிள்ளைங்க அந்தியில படிக்க ஒரு எடம் கேட்டோம்ல? அது திட்டத்துலயே இல்லன்னாங்க. கோடிக் காம்பரா இருக்கே. செவரு நல்லாத்தான் இருக்கு. சன்னல் ஒண்ணு ஒடச்சு வச்சுக் கூரைய மாத்தினாப் போதும். மைதானமும் பக்கத்துலயே வரட்டும்." இடுப்புப் பிள்ளையை மறு பக்கம் மாற்றிக்கொண்டாள். "நாங்க மாறி மாறிப் பாத்துக்குவோம். எந்நேரமும் ஆள் இருக்கும். யாரு வந்து தட்டினாலும் கதவத் தெறப்போம்."

கடைசி வார்த்தைகளை அவள் பரிமளத்தைப் பார்த்துச் சொன்னாள்.

கொஞ்ச நேரம் வாதாடினார்கள். கூரை யார் போடுவது, வெளிச்சத்துக்கு என்ன செய்வது என்று பேச்சு நீண்டது. பாம்பு என்று பயந்தவளே கடைசியில், பின்பக்கப் புதரை வெட்டிவிட்டால் போதும் என்று முடித்து வைத்தாள். நல்லையா கை தூக்கச் சொன்னார். தூக்காதவர்கள் இரண்டொருவர்தான்.

அம்பலவாணர் தன் பெரிய தாளில், அழிக்க வேண்டிய லயத்தின் கோடியில் ஒரு சிறு சதுரத்தை மட்டும் விட்டு மற்றதை அடித்தார். "மேல என்ன சொல்லுவினமோ தெரியாது" என்றார். "ஆனா நீங்கள் போட்ட கோட்டை நான் அழிச்சுக் குடுக்கமாட்டன். கேட்டா, ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாறன் எண்டு சொல்லுவன். வருவியளோ?"

"வருவோங்க" என்று நாலா பக்கமும் குரல்கள் எழுந்தன.

பரிமளத்தின் கையில் இன்னும் கல் இருந்தது. கூட்டத்தின் பின்னாலிருந்து ஜெயராசா வந்தார். அந்தக் கல் வைத்த பிறகு மைதானத்துக்குள் அவர் வருவது இதுதான் முதல் தடவை. அவளிடமிருந்து கல்லை வாங்கி, கோயில் ஓரமாக ஓடிய கானில் அதை அமிழ்த்திப் பிடித்தார். சுண்ணாம்பு பாலாய்க் கரைந்து ஓடியது. கடைசியில் கறுப்பாய், வழவழப்பாய், வெறும் ஆற்றுக்கல்லாய் ஆனதும் அதைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"வா புள்ள, வீட்டுக்குப் போவோம்."

இரண்டு பேரும் சேர்ந்து நடந்து எவ்வளவோ காலமாகியிருந்தது.

*

அந்தி மங்கும் வேளையில் அம்பலவாணரின் வான் வளைவு திரும்பிப் போனது. மேல் பிரிவின் புது ஊர், சுருட்டிய தாளாய் அதற்குள்ளே போய்க்கொண்டிருந்தது. லயத்து வாசலில் நின்று பரிமளம் அதைப் பார்த்தாள். உள்ளே கம்சலா விளக்கேற்றினாள். நெஞ்சில் எதுவோ இறக்கி வைத்ததுபோலவும் இருந்தது. எதையோ பறிகொடுத்ததுபோலவும் இருந்தது. வளைவைத்தான் கண் தேடியது. அது பழகிய பழக்கம்.

குறுக்குப் பாதையில் யாரோ மூச்சு வாங்க ஏறி வந்தார்கள். சந்தியில் கடை வைத்திருக்கும் அலவி நானா. சுற்றுவட்டாரத்தில் அவர் கடையில்தான் டெலிபோன். பருத்த மனிதர், இந்த ஏற்றம் ஏறி அவர் வந்து யாரும் பார்த்ததில்லை.

"என்னா நானா, இவ்வளவு தூரம்?" ஜெயராசா பலகையை இழுத்துப் போட்டார்.

அலவி உட்காரவில்லை. "கோல் ஒண்டு வந்த. மத்தியானமே வந்த. கடையை விட்டுட்டு வர ஏலாமப் போச்சு."

பரிமளம் வாசலை விட்டு இறங்கினாள். "யாரு நானா? எங்கேருந்து?"

"எங்கேருந்துண்டு சொல்லல்ல. தூரத்துச் சத்தம். லைன் சரியில்ல. ஒரு பொம்புளப் புள்ள பேசின."

"பொம்பளப் புள்ளயா?" கம்சலா விளக்கோடு வெளியே வந்தாள். "யாரக் கேட்டாங்க?"

"ஒங்கட அப்பன் பேரும் சரியாச் சொன்ன, லயமும் சரியாச் சொன்ன. கோடிக் காம்பராவில இன்னும் ஆக்கள் ஈக்காங்களாண்டு கேட்ட. ஈக்காங்கண்டு சொன்னேன். அதுக்குப் பொறகு கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. பக்கத்தில கைக்கொழந்த ஒண்டு அழுற சத்தம் மட்டும் கேட்ட." அலவி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்குக் காலையில திரும்ப எடுக்கிறேண்டு வெச்சிட்ட."

"எங்கிட்டப் பேசணும்னாங்களா, இவர்கிட்டப் பேசணும்னாங்களா?" பரிமளத்தின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"ஒங்களோடதான். மாமியோட பேசோணுமெண்டு சொன்ன."

விளக்கின் திரி காற்றில் சாய்ந்தது. கம்சலா அதைக் கையால் மறைத்தாள்.

லயத்துப் பெண்பிள்ளைகள் எல்லாருக்கும் பரிமளம் பெரியம்மா அல்லது அக்கா. அவளுக்கு அண்ணன் தம்பி கிடையாது. ஜெயராசாவுக்கு அக்கா தங்கச்சி கிடையாது. மாமி என்று அவளைக் கூப்பிட ஒருத்திக்கு உரிமை வரவேண்டுமானால் அது ஒரே ஒரு வழியில்தான் வரும்.

ஜெயராசா பலகையில் மெதுவாக உட்கார்ந்தார். பரிமளம் திரும்பி மேட்டைப் பார்த்தாள். இருட்டில் சிவப்பு மண்ணும் தெரியவில்லை, கடைசித் துண்டும் தெரியவில்லை. கீழே, வெகு தூரத்தில், பண்டாரவளைப் பாதையில் படத்தைக் கொண்டுபோகும் வானின் பின்விளக்கு மட்டும் ஒரு தடவை மின்னி, மலைக்கு அந்தப் பக்கம் இறங்கியது.